துளியை நிறுத்தவா, அலையை வரையவா? ஒலியால் திரவத்தை ஆளும் கருவிகளில் எதைச் செய்வது

சென்ற வருடம் எங்கள் துறையின் முதுநிலை இரண்டாமாண்டு மாணவர்கள் இருவர் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். கையில் செல்போன். அதில், எதையும் தொடாமல் காற்றில் நிற்கும் ஒரு நீர்த்துளியின் வீடியோ. "சார், ப்ராஜெக்டுக்கு இதைச் செய்யலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"துளியை நிறுத்தணுமா, இல்ல நிறுத்திட்டு அதுல எதையாவது அளக்கணுமா?" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஒலியால் திரவத்துக்கு வடிவம் கொடுக்கவும், விழ வேண்டிய திரவத்தை விழாமல் வைக்கவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஒரு பருவத்துக்குள், சிறிய தொகைக்குள் செய்து முடிக்க வேண்டியவர்கள் எதை எடுக்கலாம்? நாங்கள் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் துளியை நிறுத்தும் கருவிகள். இதில் இரண்டு வகை, இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். எதிரெதிராக வரும் இரண்டு மீயொலி அலைகள் சேர்ந்து ஒரு நிலை அலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலை, உண்டாகிறது. அதன் அழுத்தக் கணுக்களுக்கு, அதாவது அழுத்தம் ஏறி இறங்காத இடங்களுக்கு, சற்றுக் கீழே துளி போய் உட்கார்ந்துகொள்கிறது. இது புதுச் சங்கதி இல்லை. குண்ட் தன் குழாயில் தூளைக் குவியல் குவியலாகச் சேர வைத்தது 1866-இல். அந்தக் கணுக்களில் துளிகளை அந்தரத்தில் நிறுத்திக் காட்டியது 1933-இல், ஜெர்மனியில். விசைக்கு லூயி கிங் 1934-இலும், கோர்கோவ் 1962-இலும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. துளி சிறியதாக இருக்கும்வரை ஒலி தரும் விசையும் துளியின் கன அளவைப் பொறுத்தது, எடையும் கன அளவைப் பொறுத்தது. ஆகவே இரண்டு பக்கமும் ஆரம் அடிபட்டுப் போகிறது. துளி எவ்வளவு பெரியது என்பது பொருட்டே இல்லை, அடர்த்தி மட்டும்தான் பொருட்டு. 40 கிலோஹெர்ட்ஸில் தண்ணீரைத் தாங்க சுமார் 1,700 பாஸ்கல் அழுத்த வீச்சு வேண்டும். டெசிபெல்லில் சொன்னால் 155-ஐத் தாண்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அதிர்வெண் என்பதால் ஆய்வகம் நிசப்தமாக இருக்கும். ஆனால் எங்கள் வளாகத்து நாய்க்கு அது கேட்கும். கருவி ஓடும் அன்று அது அந்தப் பக்கம் வருவதில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். நான் சரிபார்க்கவில்லை.

இனி இந்த அழுத்தத்தை எதை வைத்து உண்டாக்குவது?

பழைய வழி லாங்கெவின் ஹாரன். மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பீசோ தகடுகளை இரண்டு உலோகக் கட்டைகளுக்கு நடுவில் போல்ட் போட்டு இறுக்கி, முன்னால் குறுகிக்கொண்டே போகும் ஒரு கொம்பை மாட்டியிருப்பார்கள். மீயொலி வெல்டிங் இயந்திரங்களில் இருப்பது இதே அமைப்புதான். எதிரே ஒரு பிரதிபலிப்பான் வைத்தால் நடுவில் நிலை அலை கிடைக்கும். பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஓடும். விசை தாராளம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 2012-இல் மருந்துக் கரைசல்களை இப்படி அந்தரத்தில் நிறுத்தி உலர்த்தினார்கள். பாத்திரச் சுவர் இல்லாததால் படிகம் தொடங்குவதற்குப் பிடிமானம் குறைவு. மருந்து படிகமாகாமல் கண்ணாடி போன்ற நிலையில் கிடைக்கிறது, அது உடலில் எளிதாகக் கரையும்.

உண்மையைச் சொன்னால் நான் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். கனமான இரும்புச் சாமான், பார்த்தாலே ஆராய்ச்சிக் கருவி போல இருக்கும். இறங்கி விசாரித்த பிறகுதான் தலைவலி தெரிந்தது.

ஹாரன் கூர்மையான ஒத்ததிர்வில் ஓடுகிறது, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் பலமாக அதிரும். ஓட ஓடச் சூடாகிறது, சூடானால் ஒத்ததிர்வு நகர்கிறது. நாம் கொடுக்கும் அதிர்வெண் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். போதாததற்குக் காற்றும் நம்மைச் சும்மா விடாது. அறை 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஒலியின் வேகம் வினாடிக்கு 346 மீட்டரிலிருந்து 352 ஆகிறது. 20 கிலோஹெர்ட்ஸில், ஹாரனுக்கும் பிரதிபலிப்பானுக்கும் இடையே நான்கு அரை அலைநீளம் வைத்திருந்தால், அந்த இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு மேல் மாற்றினால்தான் பழைய விசை திரும்பக் கிடைக்கும். காலை பத்து மணிக்குச் சரிசெய்தது மதியம் இரண்டு மணிக்குத் துளியைக் கீழே போட்டுவிடும். ஏசி இல்லாத ஆய்வகத்தில் சித்திரை, வைகாசியில் இதோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. அத்துடன் 100 வோல்ட்டுக்கு மேல் ஓட்ட வேண்டும். மாணவர்கள் கைவைக்கும் மேசையில் அதையும் யோசிக்கத்தானே வேண்டும்?

இரண்டாவது வழி டைனிலெவ். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அசியேர் மார்சோ, ஏட்ரியன் பார்ன்ஸ், புரூஸ் டிரிங்க்வாட்டர் மூவரும் 2017-இல் வெளியிட்ட வடிவமைப்பு. கார் பம்பரில் தூரம் பார்க்கும் சென்சார் வகையைச் சேர்ந்த, மின்சாரத்தை ஒலியாக்கும் கையடக்கமான 40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர்கள் 72. குழிந்த இரண்டு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் 36, ஒன்றையொன்று பார்த்தபடி. கிண்ணங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆர்டுயினோ நானோ என்ற சிறிய நிரல் போர்டு சதுர அலையைத் தருகிறது. மோட்டார் ஓட்டுவதற்காக விற்கும் எல்298என் போர்டு அதைப் பெருக்குகிறது. மொத்தம் 10 வாட், சுமார் 20 வோல்ட். அடர்த்தி 2.2 வரையும், விட்டம் 4 மில்லிமீட்டர் வரையும் தாங்கும் என்று அவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் 1, கிளிசரின் 1.26. நமக்கு வேண்டியதெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது.

இதன் பெரிய பலம், கூர்மையான ஒத்ததிர்வை நம்பியிருக்கவில்லை என்பதுதான். இரண்டு பக்கமும் ஒலியை நடுவில் குவிக்கின்றன. வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் கணுக்கள் சற்று விலகும், நடுவில் இருப்பது ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும். சாமான் செலவும் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்தால் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும்.

ஆனால் "எளிது" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்டியூசருக்கும் துருவம் உண்டு. 72-உம் ஒரே திசையில் மாட்டப்பட வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தால் அது உதவாமல் இருப்பதோடு நிற்காது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நாங்கள் வாங்கிய பொட்டலத்தில் துருவக் குறிகளில் கணிசமானவை தப்பு. முதல் முறை கருவியை முடுக்கியபோது தெர்மாகோல் மணிகூட நிற்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றையும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, நெயில்பாலிஷால் புள்ளி வைத்து, கழற்றி மாட்டினோம். இரண்டு வாரம் போயிற்று. நீங்கள் செய்வதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சால்டர் செய்த பிறகு கழற்றுவது நரக வேதனை.

இன்னொன்று, துளியை உள்ளே வைப்பது தனிக்கலை. ஊசியின் நுனியில் தொங்கும் தண்ணீர் ஊசியை விட்டு வர மறுக்கிறது, பரப்பு இழுவிசை அதிகம். ஆல்கஹால் உடனே பிரிந்து வந்துவிடும். அதனால் முதல் நாள் ஆல்கஹாலில் பழகிக்கொள்ளுங்கள். வோல்டேஜை மிகவும் ஏற்றினால் துளி அப்பளம் போலத் தட்டையாகி, நடுவில் மெலிந்து, சிதறிவிடும். குறைத்தால் விழும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் அகலமானதல்ல. இவ்வளவும் சரியாக வந்த நாளில் துளி ஏன் பக்கவாட்டில் ஓடிப்போகிறது என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். யாரோ ஃபேனைப் போட்டிருந்தார்கள்.

துளி நின்ற பிறகு நடப்பதுதான் சுவாரசியம். சில நிமிடங்களில் அது ஆவியாகி ஆவியாகிச் சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் இடம் ஏறக்குறைய மாறாது. மேலே சொன்ன "ஆரம் அடிபட்டுப் போகிறது" என்ற வரி அங்கே கண்முன்னே நடக்கும். கணக்குப் போட்டவர்களுக்கே அதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சப்தர்ஷி பாசுவின் குழு இதையே கருவியாகப் பயன்படுத்தி, உப்புக் கலந்த துளி எப்படி உலர்ந்து படிகமாகிறது என்று 2020-இல் பார்த்தது. இருமும்போது வெளிவரும் எச்சில் துளி காற்றில் என்ன ஆகிறது என்பது அன்றைய கேள்வி.

அளப்பதற்கும் ஒன்று இருக்கிறது. துளியைத் தட்டிவிட்டால் அது நீள்வதும் தட்டையாவதுமாக அதிரும். அந்த அதிர்வெண்ணுக்கு ராலே 1879-இல் சூத்திரம் கொடுத்தார். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளிக்கு அது 120 ஹெர்ட்ஸ் சுமார். ஒலியின் வீச்சை மெல்ல ஏற்றி இறக்கி அந்த அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்தால் பரப்பு இழுவிசை கிடைத்துவிடும். பாத்திரம் வேண்டாம், இழை வேண்டாம், தொடவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சாதாரண செல்போனின் 240 பிரேம் ஸ்லோமோஷன் இதற்குப் போதாது. ஒரு அதிர்வுக்கு இரண்டே படம்தான் விழும். 960 பிரேம் எடுக்கும் போன் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ராலே சூத்திரம் உருண்டையான துளிக்கு உரியது. ஒலியில் நிற்கும் துளி சற்றுத் தட்டையாக இருக்கும். அந்தத் திருத்தத்தைச் சொல்லாத அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

துளி உருண்டையாகவே நிற்க வேண்டுமானால் ஈர்ப்பு இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். அங்கே துளியை ஓரிடத்தில் வைத்திருக்கச் சன்னமான ஒலியே போதும். இயற்பியலாளர் டெய்லர் வாங் 1985-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஸ்பேஸ்லேப் 3 பயணத்தில் ஏறிப் போனது இதற்காகத்தான். போன இடத்தில் கருவி வேலை செய்யவில்லை. நாட்கணக்கில் அதன் உள்ளே தலையை விட்டுப் பழுதுபார்த்து, கடைசியில் சோதனையைச் செய்துவிட்டுத்தான் இறங்கினார். துருவக் குறி தப்பென்று முகம் வாடியிருந்த என் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் தெம்பு வந்தது.

சரி, துளியே வேண்டாம் என்றால்?

கையில் காசு குறைவாகவும் நேரம் குறைவாகவும் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஃபாரடே அலைகள். ஒரு பழைய ஊஃபர் ஸ்பீக்கர், அதன் மேல் ஒட்டிய ஆழமில்லாத தட்டு, தண்ணீர். செல்போனில் சைன் அலை தரும் ஆப், ஒரு ஆம்ப்ளிஃபையர். ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை தண்ணீர் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் பரப்பு முழுவதும் கோடுகளோ சதுரங்களோ அறுகோணங்களோ எழுந்து நிற்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கவனித்துச் சொன்ன முக்கியமான சங்கதி, அலைகள் நாம் ஆட்டும் அதிர்வெண்ணில் பாதியில் ஆடுகின்றன என்பது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். இளநிலையில் மெல்டே சோதனை செய்திருப்பீர்கள். இசைக்கவையை நூலின் நீளவாக்கில் ஆடும்படி வைத்தால் நூல் பாதி அதிர்வெண்ணில் ஆடும். நூலின் இழுவிசையை ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முறை கூட்டிக் குறைக்கிறோம். இங்கே ஈர்ப்பைக் கூட்டிக் குறைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ரெக்கார்டு நோட்டில் எழுதி மறந்துபோன ஒன்று தட்டில் கண்ணுக்குத் தெரியும்போது, வகுப்பில் பின்பெஞ்சும் எழுந்து வந்து பார்க்கும். சீனாவின் சியான் நகரில் வெய் பிங்போவின் குழு, காற்றில் நிற்கும் துளியின் மேல் ஒலியை ஏற்றி இறக்கி அதை நட்சத்திரம் போல முனை முனையாக ஆட வைத்தது. அதுவும் இதே பாதி அதிர்வெண் விளையாட்டுதான்.

ஒரு வேடிக்கை: ஸ்பீக்கரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தண்ணீரில் எழும் அலையின் நீளம் 8.6 மில்லிமீட்டர். காற்றில் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளமும் 8.6 மில்லிமீட்டர்தான். எந்த உறவும் கிடையாது, தற்செயல். ஆனால் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது நல்ல கேள்விகள் வரும்.

தண்ணீருக்குப் பதில் கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினால் கதை வேறாகிவிடும். மேலே ஒரு முறை ஊதிப் பள்ளம் உண்டாக்கினால் அது மூடாது. ஆட்டம் இருக்கும்வரை திரவத்தில் துளை நின்றுகொண்டே இருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்வின்னியின் குழு 2004-இல் இதை அளந்து வெளியிட்டது. செலவு என்று பார்த்தால் மளிகைக் கடையில் ஒரு பாக்கெட். ஸ்பீக்கர் மேல் பிளாஸ்டிக் உறை போடாமல் செய்தால் செலவு கூடும், எங்களுக்கு ஒரு ஸ்பீக்கர் போயிற்று.

ஃபாரடே தட்டின் குறை என்னவென்றால், அது காட்டுவதற்கு எளிது, துல்லியமாக அளப்பதற்குக் கடினம். ஸ்பீக்கர் கோன் நேராக மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. தட்டு சற்றே சாய்ந்தாலும் விளிம்பிலிருந்து தேவையில்லாத அலைகள் கிளம்பும். அந்தத் தொடக்க எல்லையைச் சரியாக அளந்து கட்டுரை எழுதுவேன் என்று கிளம்பினால் நேராக மேலும் கீழும் ஆட்டும் ஆய்வகத் தரமான கருவி, ஷேக்கர், கேட்கும். கண்காட்சிக்கும் வகுப்புக்கும் இதைவிட நல்லது இல்லை.

ஷேக்கர் ஏற்கெனவே துறையில் இருந்தால் இன்னொரு கதவு திறக்கிறது. பாரிஸின் ஈஎஸ்பிசிஐ-யில் இம்மானுவேல் ஃபோர்ட்டின் குழு 2020-இல் நேச்சரில் வெளியிட்டது. கெட்டியான சிலிக்கோன் எண்ணெயை மூடிய பெட்டியில் வைத்து 100 ஹெர்ட்ஸ் சுமாரில் மேலும் கீழும் ஆட்டி, அடியில் காற்றைச் செலுத்தினார்கள். காற்று மேலே வராமல் அடியிலேயே படுக்கையாகப் பரவ, அரை லிட்டர் வரை திரவம் காற்றின் மேல் மிதந்து நின்றது. அதன் அடிப்பரப்பில் ஒரு பொம்மைப் படகு தலைகீழாக மிதந்தது. தலைகீழ் ஊசலை வேகமாக ஆட்டினால் அது நிமிர்ந்து நிற்கும் என்று கபிட்சா 1951-இல் காட்டியதன் திரவ வடிவம் இது. தண்ணீரில் முயன்றால் வராது, பாகுநிலை வேண்டும். ஷேக்கர் இல்லாதவர்கள் இந்தப் பத்தியை ரசித்துவிட்டுத் தாண்டிவிடலாம்.

கடைசியாக ஒன்று, முனைவர் பட்டத்துக்கு யோசிப்பவர்களுக்கு மட்டும். இரண்டு வளையங்களுக்கு இடையே ஒரு திரவத் தூணை நிறுத்தினால், அதன் நீளம் சுற்றளவைத் தாண்டியதும் அது அறுந்துவிடும். பிளாட்டோவும் ராலேயும் சொன்ன எல்லை அது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிலிப் மார்ஸ்டனின் குழு 1997-இல் அந்த எல்லையைத் தாண்டியது. தூணின் வடிவத்தை ஒளியால் கவனித்துக்கொண்டே, எங்கே மெலிகிறதோ அதற்கேற்ப மீயொலியை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எல்லையில் நீளம் விட்டத்தைப் போல 3.14 மடங்கு. அவர்கள் 4.3 மடங்கு வரை போனார்கள். உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிறுத்திக் கையை நகர்த்திக்கொண்டே இருப்பது போன்ற வேலை இது. பாரிஸ்காரர்கள் செய்தது அப்படி அல்ல. அங்கே யாரும் பார்த்துத் திருத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டியே நிறுத்துகிறார்கள். திரவத்தை நிலைநிறுத்துவதில் இந்த இரண்டு வழிகளையும் குழப்பிக்கொண்டு திட்டம் எழுதி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த வழி என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக இருந்தால் கருவிப் பட்டியல் பாதியாகும்.

எங்கள் தீர்மானம் என்ன? டைனிலெவ்தான். ஆனால் முதல் வாரத்தில் ஃபாரடே தட்டைச் செய்யச் சொன்னேன். பாதி அதிர்வெண் என்றால் என்னவென்று தட்டில் பார்த்தவர்களுக்குத் துளியில் அதைத் தேடத் தெரியும். துறைத்தலைவர் "லாங்கெவின்தானே சரியான கருவி?" என்று கேட்டார். அடர்த்தி 2.2-ஐத் தாண்டும் பொருளை நிறுத்தப் போகிறோமா என்று திருப்பிக் கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் தேவையில்லை. வருங்காலத்தில் உருகிய உலோகத்தைத் தொடப் போகும் துறை என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

ஹெச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரிலிருந்து இரண்டு டிரான்ஸ்டியூசரைக் கழற்றி எதிரெதிரே வைத்துச் செய்யும் குட்டிக் கருவி ஒன்றும் இணையத்தில் சுற்றுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாராளமாகச் செய்யலாம். தெர்மாகோல் மணி நிற்கும், தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

பருவ இறுதியில் அந்த மாணவி தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் பரப்பு இழுவிசையை அளந்து கொண்டுவந்தாள். திருத்தம் போட்டிருந்தாள். கருவி இப்போது அலமாரியில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு அட்டையில் அவள் எழுதி ஒட்டியது: "முதலில் ஃபேனை நிறுத்தவும்."